பல்லின் நிழல் மங்குவதேன்?

1896ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஜேர்மனியிலே பிறவுன்சுவைக் என்னும் நகரில் ஒற்றோ வால்க்கோவ் என்ற பல் வைத்தியர் தரையிலே படுத்துக் கிடக்கின்றார். அவருடைய வாய்க்குள்ளே, பற்களுக்கும் நாக்குக்கும் இடையில், கரிய கடதாசியாலும் இறப்பராலும் சுற்றப்பட்ட புகைப்படக் கண்ணாடித் தகடு ஒன்று இருக்கின்றது. முகத்துக்கு நேரே, அண்மையிற் கண்டறியப்பட்ட புதுக் கதிர்களை உமிழும் குழாய். அவர் இருமுதல் ஆகாது. தாடையை அசைத்தல் ஆகாது. தகட்டை நாவினால் தள்ளுதலும் ஆகாது. இந்த நிலையில் அவர் கிடந்தது ஒரு நிமிடமன்று, இரண்டு நிமிடமன்று; 25 நிமிடங்கள்! அது மெய்யாகவே ஒரு சித்திரவதையாயிருந்தது என்று அவரே பின்னர் கூறினார். ஆயினும் தகட்டிலே விழுந்த நிழலைக் கண்டபோது பட்ட பாட்டையெல்லாம் மறந்து மகிழ்ந்தாராம்.

வூர்ஸ்பேர்க் நகரப் பேராசிரியர் றொண்ட்ஜன் எக்ஸ் கதிர்களை முதன்முதலாக அவதானித்தது 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி. தம் மனைவியாரின் கையை, விரலில் மோதிரம் தெரியப் படம் பிடித்தது டிசம்பர் 22ஆம் திகதி. அதன்பின் சில வாரங்களுக்குள்ளேயே அக்கதிர் மனித வாய்க்குள்ளும் புகுந்துவிட்டது. வால்க்கோவின் அப்படம் இன்றைய கண்ணுக்குத் தெளிவான படம் அன்று. அதிற் குறை காண்பது அழகுமன்று. உயிருள்ள மனிதன் ஒருவன் 25 நிமிடங்கள் கல்லாய்ச் சமைந்து கிடத்தல் யாருக்குக் கைகூடும்?

இன்று பல் வைத்தியரின் நாற்காலியில் நாம் அமர்ந்தால், கதிர் பாயும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே. வால்க்கோவ் பொறுத்த நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஏழாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. கண் இமைக்கும் நேரம் என்று நாம் பேச்சுக்குச் சொல்வது இங்கே கணக்கிலும் சரியாகிவிடுகின்றது. அப்படியிருந்தும், "படம் மங்கிவிட்டது, இன்னொரு முறை எடுக்கவேண்டும்" என்ற சொல்லை நம்மிற் பலர் கேட்டிருப்போம். கண் இமைக்கும் பொழுதிலும் கலைந்துபோகக்கூடியது எது? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மங்கலால் வரும் நட்டம்

பல்லின் வேரைத் தாடை எலும்போடு ஒட்டவைத்த சிமெந்து போல ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கின்றது என்று பலர் எண்ணுவர். அது தவறு. வேருக்கும் எலும்புக்கும் இடையே நுண்ணிய நார்களால் ஆன இழையம் ஒன்று உண்டு. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. எக்ஸ் கதிர்ப் படத்திலே அது வேரைச் சுற்றி ஓடும் மெல்லிய கரிய கோடாகத் தோன்றும். வேர் நுனியிலே சீழ் கட்டத் தொடங்கும்போது முதலிற் குலைவது பெரும்பாலும் அந்தக் கோடுதான். வைத்தியரின் கண் அதனையே தேடும். படத்தின் விளிம்புகள் கால் மில்லிமீற்றர் அளவு கலைந்துபோனாலும் அக்கோடு இருந்த இடம் தெரியாது மறைந்துவிடும்.

இரு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் தொடங்கும் சூத்தையும் அத்தகையதே. கண்ணாடியிற் பார்த்தால் தெரியாது; நாவினால் தடவினாலும் தெரியாது. படத்தில் மட்டும், பல்லின் வெண்மையான மேற்பூச்சிலே சிறு கறுப்பு முனையாகத் தலைகாட்டும். வேரின் உள்ளேயுள்ள நரம்பை அகற்றிச் சிகிச்சை செய்யும்போதோ, வைத்தியர் உள்ளே செலுத்தும் மெல்லிய அரத்தின் நுனி சில சமயம் 0.1 மில்லிமீற்றர் மட்டுமே. அந்நுனி வேரின் முடிவை எட்டியதா, கடந்துவிட்டதா என்பதைப் படம் சொல்லவேண்டும். மங்கிய படம் ஒன்றும் சொல்லாது. சில வேளைகளில் பிழையாகவும் சொல்லும். நோயுள்ள பல்லை விட்டு அயற் பல்லில் ஐயங்கொள்வதற்கும் அதுவே இடமாகின்றது.

திரும்ப எடுத்தால் என்ன என்று கேட்கலாம். பற்களுக்கு எடுக்கும் ஒரு சிறு படத்தின் கதிரளவு மிகவும் சொற்பமானது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் ஒவ்வொரு நாளும் நம்மை வந்தடையும் இயற்கைக் கதிரியக்கத்தின் ஒருநாட் பங்களவே எனலாம். ஆகவே, வேண்டிய ஒரு படத்துக்கு அஞ்சுதல் பேதைமை. ஆனால் வேண்டாத படம் ஒன்றை, அதுவும் வளரும் பிள்ளை ஒன்றின் வாயில், கவனக் குறைவினால் எடுப்பதற்கு நியாயம் கிடையாது. முதற் படத்திலே செலவான கதிர் யாருக்கும் பயன்படாமற் போயிற்று என்பதுதான் இதிலுள்ள வருத்தம்.

சுவரிலே ஒரு பரிசோதனை

எக்ஸ் கதிர்ப் படம் என்பது ஒரு நிழலேயன்றி வேறன்று. ஆகையால் நிழலின் இயல்பை அறிந்தவர்களுக்கு மங்கலின் பாதிக் காரணம் விளங்கிவிடும். மாணவர்கள் இன்றிரவே வீட்டில் இதனைச் செய்து பார்க்கலாம். அறையின் மற்றைய வெளிச்சங்களை அணைத்துவிட்டு, சிறு சுடருள்ள குப்பி விளக்கு ஒன்றைச் சுவருக்கு எட்ட வைத்துக் கையை இடையிலே நீட்டுங்கள். விரல்களின் நிழல் கூராக விழும். விளக்கை அகற்றிவிட்டு நீண்ட குழல் மின்விளக்கை ஏற்றுங்கள். அதே கையின் நிழல் ஓரங்கள் கரைந்து, விரல் எங்கே முடிகின்றது என்று சொல்லமுடியாதபடி ஆகிவிடும். இனிக் கையைச் சுவரை நோக்கி மெல்ல மெல்லக் கொண்டு செல்லுங்கள். சுவரை அணுக அணுக, அதே குழல் விளக்கின் ஒளியிலும் நிழல் கூர்மை பெறுவதைக் காண்பீர்கள்.

ஒளி பிறக்கும் இடம் அகன்றிருந்தால், அதன் ஒரு முனையிலிருந்து வரும் ஒளி நிழலின் விளிம்பை ஓரிடத்திலும், மறுமுனையிலிருந்து வரும் ஒளி வேறோரிடத்திலும் வரைகின்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள பகுதி இருளுமன்று, ஒளியுமன்று. அதனை அரைநிழல் என்போம். எக்ஸ் கதிர்க் குழாயினுள்ளே கதிர் பிறக்கும் இடமும் ஒரு புள்ளியன்று, 0.4 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள சிறு பரப்பு அது. இன்னும் சிறிதாக்கினால் ஆகாதோ எனின், எலெக்திரன்கள் வேகமாக வந்து மோதும் இடமாதலால் கடும் வெப்பம் ஒரே இடத்திற் குவிந்து உலோகம் பழுதாகிவிடும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். கதிர் பிறக்குமிடம் 0.7 மில்லிமீற்றர், அங்கிருந்து பல் 20 சென்றிமீற்றர் தொலைவில், பல்லுக்கும் பிலிமுக்கும் இடைவெளி 2 சென்றிமீற்றர் என்று கொள்வோம். 0.7ஐ 2ஆற் பெருக்கி 20ஆல் வகுத்தால் 0.07 மில்லிமீற்றர் வரும். இது ஒரு தலைமயிரின் தடிப்பு. குழாயை 40 சென்றிமீற்றர் தூரத்துக்கு அகற்றினால் அரைநிழல் அதிலும் பாதியாகக் குறையும். 1947ஆம் ஆண்டில் அமெரிக்கரான கோடன் பிற்ஸ்ஜெரல்ட் நீண்ட கூம்பு முறையை அறிமுகப்படுத்தியதன் உட்பொருள் இதுவே. வைத்தியசாலையிலே கன்னத்தருகே கொண்டுவரப்படும் குழல் ஏன் அவ்வளவு நீளமாயிருக்கின்றது என்று வியந்தவர்களுக்கு இதுதான் விடை.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகின்றது. தூரம் இரட்டித்தால் கதிரின் செறிவு நாலிலொன்றாகக் குறையும். அதே கருமையைப் படத்திற் பெறவேண்டுமாயின் நான்கு மடங்கு நேரம் கதிரைச் செலுத்தவேண்டும். நேரம் நீண்டால் அசைவு புகும். நிழலைக் கூராக்கப் போய் நோயாளரை அசையவைத்த கதையாகிவிடும். இந்தப் பிணக்கைத் தீர்த்தவர்கள் பிலிம் செய்தவர்கள். 1955ஆம் ஆண்டில் டி என்னும் விரைவுப் பிலிமும், 1981இல் அதன் பாதி நேரத்திலேயே பதியும் ஈ பிலிமும், 2000ஆம் ஆண்டில் அதனினும் விரைவான எவ் பிலிமும் வந்தன. இடையே 1987ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தவரான முவென் என்பவர், பிலிமே இல்லாமல் மின்னணுத் தகட்டினால் நிழலை வாங்கிக் கணினித் திரையிற் காட்டும் கருவியை வெளிக்கொணர்ந்தார். இவை யாவும் சேர்ந்தே கதிர் பாயும் நேரத்தை இன்றைய கண்ணிமைப் பொழுதாகச் சுருக்கின.

எது அசைகின்றது?

குழாயின் குற்றத்தால் வரும் மங்கல் ஒரு மயிரிழையளவு என்று கண்டோம். அசைவினால் வருவதோ அதைப்போலப் பல மடங்கு. ஆனால் எல்லா அசைவும் ஒரே அளவு கேடு செய்வதில்லை என்பதைப் பலர் அறியார். நாமும் நெடுங்காலம் அறிந்திருக்கவில்லை.

நோயாளரின் தலை ஒரு மில்லிமீற்றர் அசைந்தது என்று வைத்துக்கொள்வோம். பிலிம் பல்லோடு இறுகக் கவ்வப்பட்டு அதனோடு சேர்ந்தே அசைந்திருந்தால், முன் சொன்ன அளவுகளின்படி படத்தில் விழும் மங்கல் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான். மாறாக, தலை அசையாதிருக்க, பிலிம் மட்டும் ஒரு மில்லிமீற்றர் வழுக்கினால் மங்கலும் ஒரு மில்லிமீற்றராகும். பத்து மடங்கு! ஓடும் பேருந்தில் அமர்ந்து எழுதுபவரை எண்ணிப் பாருங்கள். வண்டி முழுவதும் குலுங்கினாலும், கையும் தாளும் ஒன்றாகவே குலுங்கினால் எழுத்துப் பெரிதும் கெடாது. தாள் மட்டும் விலகினால் எழுத்துச் சிதறிவிடும். பல்லும் பிலிமும் அந்த ஒரு கணத்துக்கு ஓருடலாய் இருத்தல் வேண்டும் என்பதே தெளிவான படத்தின் இரகசியம்.

பிலிமை நோயாளரே விரலால் தாங்கிக்கொள்ளச் செய்த பழைய முறையைக் காட்டிலும், பற்களாற் கவ்வும் தாங்கி ஏன் மேலானது என்பது இதனால் விளங்கும். விரல் களைக்கும், வழுக்கும், அளவுக்கு மீறி அழுத்திப் பிலிமை வளைத்தும் விடும். தாங்கியை மேலும் கீழும் பற்கள் கடித்துக்கொண்டால் பிலிம் பல்லுக்குக் கட்டுப்பட்டுவிடுகின்றது. 1925ஆம் ஆண்டில் ரேப்பர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், பற்களுக்கிடையிலுள்ள சூத்தையைக் காண்பதற்கென வெளியிட்ட முறையிலும் பிலிமின் நடுவே ஒரு நாக்குப் போன்ற பட்டை உண்டு. நோயாளர் அதனைக் கடித்துக்கொள்வார். கடித்தால் மட்டும் போதாது, கடித்தபடியே இருக்கவேண்டும். "கடியுங்கள்" என்றதும் கடித்துவிட்டு, வைத்தியர் அறைக்கு வெளியே சென்று விசையை அழுத்துமுன் மெல்ல வாயைத் திறந்துவிடுவோர் பலர். படம் கெடுவது பெரும்பாலும் அந்த இடைவேளையிலேதான்.

கொஞ்சமும் சந்தேகிக்கப்படாத ஒரு குற்றவாளி குழாயைத் தாங்கும் கை. சுவரிலே பூட்டிய அந்த மடிப்புக் கை நாட்செல்லத் தளர்ந்துவிடும். சரியான இடத்தில் நிறுத்திவிட்டு விலகியதும் அது தானாகவே சிறிது தாழும், அல்லது ஊஞ்சல் போல இரண்டொரு முறை ஆடும். ஆட்டம் அடங்குமுன் விசையை அழுத்தினால், நோயாளர் சிலையாய் இருந்தாலும் படம் கலங்கும். திருகாணியை இறுக்குவதற்குரிய பிழையை நோயாளரின் தலையிற் கட்டி, "நீங்கள் அசைந்துவிட்டீர்கள்" என்று சொல்லும் வழக்கமும் இல்லாமலில்லை.

மற்றோர் எதிரி குமட்டல். பிலிமோ மின்னணுத் தகடோ மேலண்ணத்தின் பின்பகுதியைத் தொட்டவுடன் சிலருக்கு வாந்தி வருவது போலிருக்கும். இது மனத்திடத்தின் குறைபாடன்று. தொண்டையைக் காக்க இயற்கை வைத்த காவல். அதை ஏமாற்றச் சில எளிய வழிகள் உண்டு. மூக்கினால் ஆழ மூச்சு வாங்குதல், ஒரு காலை நாற்காலியிலிருந்து சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதிலே கவனத்தைச் செலுத்துதல், நாநுனியிற் சிறிது உப்பு வைத்துக்கொள்ளுதல் ஆகியவை பலருக்குப் பயனளிக்கின்றன. முன்பற்களில் தொடங்கிக் கடைவாய்ப் பற்களை இறுதியில் எடுப்பதும் நல்ல வைத்தியரின் தந்திரம். குமட்டும் இயல்புள்ளவர்கள் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுதல் வேண்டும்.

குழந்தைகளின் காரியம் தனி. பெரியவர்களுக்குச் செய்யப்பட்ட பிலிம் ஏறக்குறைய 31 மில்லிமீற்றர் அகலமும் 41 மில்லிமீற்றர் நீளமும் உடையது. சிறு வாய்க்கென 22க்கு 35 மில்லிமீற்றர் அளவிலும் உண்டு. பெரியதைத் திணித்தால் குழந்தை நாவினாலே தள்ளும்; அது குழந்தையின் குற்றமன்று. முதலிற் கருவியைக் காட்டி, கதிரில்லாமலே ஒருமுறை ஒத்திகை பார்த்து, அதன்பின் எடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளையும் அடங்கி இருக்கும். வீட்டிலேயே, "வாயை மூடிக்கொண்டு மூன்று எண்ணும் வரை பொம்மை போல் இரு, பார்ப்போம்" என்று விளையாட்டாகப் பழக்கி அழைத்துச் செல்லும் தாய்மாருக்கு வைத்தியர்கள் மனத்துள் நன்றி கூறுவார்கள்.

பிள்ளையைப் பிடித்துக்கொள்வதற்கு ஒருவர் வேண்டுமென்றால் அவர் தாய் அல்லது தந்தையாய், காப்பு அங்கியணிந்து கதிரின் நேர்வழிக்கு விலகி நிற்பவராய் இருக்கவேண்டும். வைத்தியரோ, தாதியோ, படம் எடுப்பவரோ நோயாளரின் வாயிற் பிலிமைத் தம் விரலால் ஒருபோதும் பிடித்தல் ஆகாது. இந்த விதி எழுந்த வரலாறு மிகவும் கசப்பானது.

ஒரு கையின் கதை

அமெரிக்காவிலே நியூ ஓர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் வைத்தியர் இருந்தார். 1896ஆம் ஆண்டிலேயே எக்ஸ் கதிர்க் கருவியை அமைத்துத் தம் நோயாளரின் பற்களைப் படம் பிடித்தவர். பிலிம் பல்லுக்குச் சமாந்தரமாய் நிற்கவேண்டும், கதிர் இரண்டுக்கும் செங்குத்தாய்ப் பாயவேண்டும் என்பதை அக்காலத்திலேயே உணர்ந்தவர். பிலிமை அசையாது நிறுத்தத் தாங்கி ஒன்றையும் அவரே ஆக்கிக்கொண்டார். பிற்காலத்தவர் புதிதாய்க் கண்டதாக எண்ணிய பலவற்றை அவர் முன்னரே செய்திருந்தார்.

ஆனால் அந்நாட் குழாய்கள் ஒருநாட் போல் ஒருநாள் இயங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் கதிர் தெளிவாய் வருகின்றதா என்று சோதிக்கவேண்டும். சோதிப்பதற்கு எளிதில் அகப்பட்ட பொருள் சோதிப்பவரின் சொந்தக் கையே. ஒளிரும் திரைக்கு முன்னே கையை நீட்டி, எலும்புகள் நன்றாய்த் தெரிகின்றனவா என்று பார்த்துப் பார்த்துக் குழாயைச் சீர்செய்வார்கள். கெல்ஸும் அவ்வாறே பல்லாண்டு செய்தார். வலி உடனே தெரியாததால் யாரும் அஞ்சவில்லை. சில ஆண்டுகளில் அவர் கைத்தோலில் புண் கண்டது; புண் புற்றுநோயாயிற்று. விரல்களை இழந்தார், பின் கையை இழந்தார், அறுவைச் சிகிச்சைகள் மீண்டும் மீண்டும் தொடர்ந்தன. 1928ஆம் ஆண்டில், துன்பம் தாங்காது தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

வால்க்கோவோடு இத்துறையில் உழைத்த இரசாயன அறிஞர் கீசல் என்பவரும் கதிரினால் விளைந்த புற்றுநோயால் 1927இல் மாண்டார். பாஸ்ரன் நகரப் பல் வைத்தியரான றொலின்ஸ் மட்டும் 1901ஆம் ஆண்டிலேயே கதிரின் கொடுமையைப் பிராணிகளிற் சோதித்துக் கண்டு எச்சரித்தார். ஈயத்தால் மறைப்பிடுமாறும் அவர் கூறினார். அக்காலத்திற் கேட்டவர் சிலரே. இன்று நம் வாயில் வைக்கப்படும் பிளாஸ்ரிக்குத் தாங்கி, தெளிவுக்காக மட்டுமன்றி, வைத்தியரின் விரல்களுக்கு மாற்றாகவும் இருக்கின்றது.

மங்கல் போலத் தோன்றுபவை

தெளிவில்லாத படமெல்லாம் அசைவினால் வந்ததென்று முடிவுகட்டுவது சரியன்று. அசைவால் மங்கினால் படம் முழுவதும் ஒரே சீராகக் கலங்கும். ஒரு மூலை மட்டும் இழுபட்டு மங்கியிருந்தால், அண்ணத்தின் வளைவிலே பிலிம் வளைந்துவிட்டது என்பது பொருள். உருவங்கள் இரட்டையாய்த் தெரிந்தால் ஒரே பிலிமை மறந்து இருமுறை பயன்படுத்திவிட்டார்கள். படம் வெளிறி, அதன்மேல் மீன்முள் போன்ற கோலம் விழுந்திருந்தால் உறையைப் புறம் மாற்றி வைத்தார்கள். பிலிமின் பின்னே இருக்கவேண்டிய ஈயத்தாள் முன்னே வந்து கதிரை மறைத்துவிட்டது.

பல் அளவுக்கு மீறி நீண்டோ குறுகியோ விழுவது கோணத்தின் பிழை. 1907ஆம் ஆண்டிலே சியெஷின்ஸ்கி என்னும் போலந்து நாட்டு அறிஞர் இதற்கொரு விதி கண்டார். பிலிமைச் சமாந்தரமாய் வைக்க இயலாதபோது, பல்லின் அச்சுக்கும் பிலிமுக்கும் இடையிலுள்ள கோணத்தை இரு கூறாக்கும் கோட்டுக்குக் கதிரைச் செங்குத்தாய்ச் செலுத்தினால் நீளம் மாறாது. கேத்திரகணிதம் வகுப்பறைக்கு வெளியே எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைக் காட்டலாம். ஆயினும் இம்முறையில் பல்லின் முடி பிலிமை ஒட்டியும் வேர் நுனி எட்டியும் இருப்பதால், சுவரில் நாம் கண்டபடியே வேர் நுனியின் நிழல் சற்றுக் கூர் குன்றும். அந்த அறிஞரை, 1941ஆம் ஆண்டில் லுவோவ் நகரிலே நாஜிகள் வேறு பல பேராசிரியர்களோடு சேர்த்துச் சுட்டுக்கொன்றனர்.

பிலிமைக் கழுவும் இருட்டறையிலும் தெளிவு கெடும். டிவலப்பர் என்னும் உருத்துலக்கும் திரவம் 20 பாகை வெப்பத்தில் இருந்தால் 5 நிமிடம் வேண்டும். 24 பாகையில் ஏறக்குறைய 3 நிமிடம். 27 பாகையில் இரண்டரை நிமிடம். கொழும்பு போன்ற வெப்பமான இடத்திலே கடிகாரத்தை மட்டும் பார்த்து வெப்பமானியைப் பாராதவர் படத்தைக் கறுக்கவைத்துவிடுவார். சூடான திரவத்திலிருந்து குளிர்ந்த நீருக்குத் திடீரென மாற்றினால் பிலிமின் மேற்பூச்சுச் சுருங்கி வலைப்பின்னல் போலாகும். பழைய பிலிம், இருட்டறைக்குள் கசியும் ஒளி ஆகியனவும் படத்தின்மேல் பனிமூட்டம் போல ஒரு சாம்பல் நிறத்தைப் படியவைக்கும். மின்னணுத் தகடு வந்த இடங்களில் இத்தொல்லைகள் ஒழிந்தன. ஆனால் அசைவு ஒழியவில்லை. மங்கிய படத்தைக் கணினியாற் கூர்மையாக்கிக் காட்டலாம் என்பாருமுளர். விளிம்புகள் அழகாய்த் தோன்றலாம். படத்திலே பதியாத ஒன்றை எந்தக் கணினியும் மீட்டுத் தராது.

தோடும் தாலியும்

முழுத் தாடையையும் ஒரே படத்திற் காட்டும் முறை ஒன்று உண்டு. பின்லாந்து தேசத்துப் பாத்தெரோ என்பவர் 1940களின் இறுதியிலும் 1950களிலும் அதனை உருவாக்கினார். நோயாளர் நிற்க, குழாயும் பிலிமும் தலையைச் சுற்றி வரும். இங்கே பிலிம் வாய்க்கு வெளியே இருப்பதால் பல்லோடு அதனைக் கட்டிவைக்க வழியில்லை. நேரமும் ஏறக்குறைய 15 விநாடி. ஆகவே முகவாயைத் தாங்கும் பலகை, முன்பற்களாற் கடிக்கும் குச்சி, நெற்றியை அணைக்கும் பிடிகள் எல்லாம் வேண்டியிருக்கின்றன. குதிரைலாட வடிவமான ஒரு குறுகிய பாதைக்குள் அடங்கும் பற்களே தெளிவாய் விழும். தலை சற்று முன்னே நின்றால் முன்பற்கள் ஒடுங்கி மங்கும். பின்னே நின்றால் அகன்று மங்கும். நாவை அண்ணத்தோடு ஒட்டி வைக்குமாறு சொல்வதும் காரணத்தோடுதான். இல்லையேல் இடைக்காற்றுக் கரிய பட்டையாய் விழுந்து மேற்பல் வேர்களை மறைக்கும்.

இப்படத்துக்கு நம் பெண்மணிகள் முன்கூட்டியே அறியவேண்டியது ஒன்று. காதிலுள்ள தோடு தன் நிழலைத் தன் பக்கத்தில் விழுத்துவதோடு நில்லாது, மறுபக்கத்திலும் சற்று உயர, பெருத்து, மங்கிய ஆவியுருவம் போல விழுத்தும். அது கடைவாய்ப் பற்களை மறைத்துவிடும். ஆகையால் தோடு, மூக்குத்தி, சங்கிலி, கொண்டையூசி ஆகியவற்றைக் கழற்றிவைத்தல் வேண்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் ஒவ்வாதவர்களும் நம்மிடையே உளர். அதனைப் படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. எங்ஙனம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று அவர் வழி சொல்வார். நெஞ்சின்மேல் போடும் ஈய அங்கியும் கழுத்துக் கவசமும் சில இடங்களில் இல்லாதிருப்பதைக் கண்டு திகைக்கவேண்டாம். கதிரை வேண்டிய இடத்துக்கு மட்டும் ஒடுக்கிச் செலுத்தும் இக்காலக் கருவிகளுக்கு அவை தேவையில்லை என்றும், படத்தை அவை மறைத்து மறுபடி எடுக்கவைக்கவும் கூடும் என்றும் 2024ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் அறிவித்தது. கர்ப்பிணிகள் மட்டும் தம் நிலையை வைத்தியருக்கு மறவாது தெரிவிக்கவேண்டும்.

மறுபடி எடுக்கவேண்டும் என்று சொல்லப்பட்டால், முதற் படத்தில் என்ன பிழை நேர்ந்தது என்று பணிவாகக் கேளுங்கள். அசைவா, வளைவா, கோணமா என்று அறிந்து திருத்தாமல் எடுத்த இரண்டாவது படமும் முதலாவதைப் போலவே அமையக்கூடும். முன்னர் வேறிடத்தில் எடுத்த படம் இருந்தால் அதையும் கொண்டு செல்லுங்கள். சில வேளைகளிற் புதுப் படமே வேண்டாது போகலாம்.

படம் கைக்கு வந்ததும் வெளிச்சத்திற் பிடித்து, நாம் முதலிற் சொன்ன அந்தக் கரிய மெல்லிய கோட்டைத் தேடிப் பாருங்கள். ஒரு பல்லின் வேர் நுனியில் மட்டும் அது அகன்றோ அறுந்தோ காணப்பட்டால், அது என்னவென்று வைத்தியரைக் கேட்கவேண்டும். நோயின் செய்தியாக இருக்கலாம். படத்திலுள்ள எல்லாப் பற்களிலும் அது ஒருங்கே கலைந்து காணப்பட்டால், நோயை ஐயுறுமுன் படத்தை ஐயுறுங்கள். பல்லைப் பிடுங்குவதென்று தீர்மானிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி அது.